கல்லாவுக்கு ஒரு கண்ணாடி, வண்டிக்கு ஒரு கண்ணாடி

கேள்வி: எனக்கு 48 வயது. காரைக்குடியில் ஒரு நகைக்கடையில் கணக்கும் அடகுப் பிரிவும் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பதாகிவிடும். எதிரே கம்ப்யூட்டர், இடது பக்கம் பேரேடு, மேசைக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர். நடுநடுவே ஹால்மார்க் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வீடு தேவகோட்டை, தினமும் டூவீலரில்தான் போக்குவரத்து. ஐந்து மாதத்துக்கு முன், தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரிகிற புரோக்ரஸிவ் கண்ணாடி போட்டேன். வலது −1.50, சிலிண்டர் −0.75, ஆக்ஸிஸ் 90, இடது −1.25, சிலிண்டர் −0.50, ஆக்ஸிஸ் 90. ஆட் இரண்டுக்கும் +1.75. வண்டி ஓட்ட நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் தாடையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது; மத்தியானத்துக்கு மேல் பிடரி வலிக்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் திரை தெரிகிறது, ஆனால் 3-ம் 8-ம் குழம்புகிறது, சாயங்காலம் தலைவலி. கழற்றி வைத்து வேலை பார்த்தால் கண் கெட்டுப்போகுமா? கண்ணாடிக் கடையில், இதைவிட விலை கூடின புரோக்ரஸிவ் போடுங்கள், நீல வெளிச்சத்தைத் தடுக்கிற புளூ கட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். போடலாமா? இன்னொன்று: எங்கள் ஆத்தாவுக்கு 71 வயது. வீட்டில் கொட்டான் (ஓலைக்கூடை) பின்னுகிறார்கள். வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. +2.50 ரெடிமேட் கண்ணாடி போட்டும் மணி கோக்கும்போது தெரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பவர் சீட்டில் ஏழு எண்கள் இருக்கின்றன: ஒவ்வொரு கண்ணுக்கும் தூரப் பவர், ஒரு திசைக்கு மட்டும் சேர்க்கிற சிலிண்டர், அந்தத் திசையைச் சொல்லும் ஆக்ஸிஸ், பிறகு கிட்டப் பார்வைக்காக இரண்டு கண்ணுக்கும் கூட்டுகிற ஆட். நீங்கள் எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்று சொல்லும் எண் அதில் ஒன்றுகூட இல்லை. சோதனையின்போது தூரத்துப் பலகையைப் படிக்கச் சொல்லியிருப்பார்கள். பிறகு கையில் ஒரு அட்டையைக் கொடுத்து 40 சென்டிமீட்டரில் பிடித்துப் படிக்கச் சொல்லி +1.75 ஆட் எழுதியிருப்பார்கள். இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் நாளில் பாதிக்கு மேல் போவது அந்த இரண்டு தூரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திரையில். எனவே புதுக் கண்ணாடி பற்றி யோசிக்கும் முன் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

நீங்களே அளக்காதீர்கள். அளப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார், அளவு பொய்யாகிவிடும். வேலை மும்முரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்களோ அப்படியே இருங்கள். கூட வேலை பார்க்கும் ஒருவர் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து அளக்கட்டும். நான்கு அளவு வேண்டும்: கண்ணிலிருந்து திரை, கண்ணிலிருந்து பேரேடு, கண்ணிலிருந்து எதிரே நிற்பவர் முகம், கடைசியாகக் கண் மட்டத்துக்கும் திரையின் மேல் விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசம். கல்லா வேலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் திரை 60 முதல் 70 சென்டிமீட்டர், பேரேடு 40 அளவில், வாடிக்கையாளர் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று வரும். உங்களுக்குத் திரை 65 என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தால் 100-ஐ அந்த அளவால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்துக்குக் கண் போட வேண்டிய குவியச் சக்தி டயாப்டரில், அதாவது கண்ணாடிப் பவரை எழுதும் அதே அலகில், கிடைத்துவிடும். 65-க்கு 1.54, 40-க்கு 2.50, 50-க்கு 2.00.

இந்தச் சக்தியைச் சின்ன வயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே வளைந்து கொடுத்துச் சமாளித்துவிடும். பத்து வயதில் 12 டயாப்டருக்கு மேல் கையிருப்பு இருக்கும். 40 வயதில் 5 அளவுக்கு வந்து, 50-ஐ நெருங்கும்போது 2, இரண்டரை என்று தேய்ந்துவிடும். இதுதான் சாளேசரம். உங்கள் வயதில் மீதி இரண்டரை இருக்கிறது என்று வைத்தாலும் அதில் பாதியைத்தான் நாள் முழுக்க அலுப்பில்லாமல் செலவழிக்க முடியும். மீதிப் பாதியையும் தொட்டால் எழுத்து தெரியத்தான் செய்யும், ஆனால் சாயங்காலம் தலைவலி வட்டியாக வரும்.

இப்போது தாடை விஷயம். புரோக்ரஸிவ் லென்ஸில் கருவிழிக்கு நேரே இருப்பது தூரப் பவர். அங்கிருந்து கீழே போகப் போக ஆட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 14 முதல் 18 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் முழு +1.75 வரும். 65 சென்டிமீட்டர் திரைக்கு உங்களுக்கு வேண்டியது +1.00 அளவுதான். அது அந்தப் பாதையின் நடுவில், கருவிழிக்கு 8 மில்லிமீட்டர் அளவு கீழே இருக்கும். அந்த இடம் வழியாகப் பார்க்கிற பார்வை 65 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழுவது, கண் மட்டத்துக்கு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் கீழே. உங்கள் திரையின் நடுப்பகுதி அங்கே இருந்தால் தலையை அசைக்காமல் தெரியும். பெரும்பாலான கல்லாக்களில் திரை பெட்டி மேலோ சி.பி.யூ. மேலோ ஏறி உட்கார்ந்திருக்கும். நடுப்பகுதி கண் மட்டத்திலோ அதற்கும் மேலோ வந்துவிடும். கண் கீழே போக முடியாது, ஆகவே தாடை மேலே போகிறது. எட்டு மணி நேரம் அப்படி இருந்தால் பிடரி வலிக்காமல் என்ன செய்யும்?

எனவே காசு செலவில்லாத வைத்தியத்தை இன்றைக்கே செய்துவிடலாம். திரையைப் பெட்டியிலிருந்து இறக்குங்கள். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் கீழே வரட்டும், திரை லேசாகப் பின்னுக்குச் சாயட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று ஆபீஸ் வேலைக்குப் பொதுவாகச் சொல்வார்களே, அது புரோக்ரஸிவ் போடாதவர்களுக்குச் சொன்னது. இறக்கியபின் பிடரி வலி பாதிக்கு மேல் குறைந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும். ஆனால் முழுதும் தீராது. ஏனென்றால் அந்த நடுப்பாதை உயரத்தில் மட்டும் சிக்கல் இல்லை, அகலத்திலும் குறுகல். இடது ஓரத்துக் கலத்திலிருந்து வலது ஓரத்துக் கலத்துக்குப் போக, கண்ணுக்குப் பதில் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.

கழற்றி வைத்துப் பார்த்தால் கண் கெடுமா? கெடாது. இந்த வயதில் கண்ணாடி போடுவதாலோ போடாததாலோ பவர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு நாற்பதுக்கு மேல் கிடைக்கிற சின்னச் சலுகை இது. −1.50 உள்ள கண், வெறுங்கண்ணாக, 67 சென்டிமீட்டரில் இருப்பதை எந்தச் சிரமமும் இல்லாமல் பார்க்கும். உங்கள் திரை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

ஆனால் உங்களிடம் சிலிண்டர் இருக்கிறது. 3-ஐயும் 8-ஐயும் குழப்புவது அதுதான். வலது கண்ணில் −0.75 சிலிண்டர் ஆக்ஸிஸ் 90 என்றால், எழுத்தின் படுக்கைக் கோடுகள் 67 சென்டிமீட்டர் வரை தெளிவாக இருக்கும்; நிமிர்ந்த கோடுகளுக்குத் தெளிவு 44 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். 65-இல் இருக்கும் திரையில் படுக்கைக் கோடு பளிச்சென்றும் நிமிர்ந்த கோடு கலங்கியும் தெரியும். 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசமே இடது பக்கத்து நிமிர்ந்த வளைவுதானே. இடது கண்ணில் சிலிண்டர் குறைவு, அதனால் கலக்கமும் குறைவு. மூளை இடது கண்ணை நம்பியே ஓட்டிக்கொண்டிருக்கும். தொகை எழுதும் வேலையில் இந்த நிலைமை சரிப்படாது. வீட்டில் செய்தித்தாள் பார்க்கவோ போனைப் பார்க்கவோ கழற்றிவிட்டுப் பாருங்கள், தோஷமில்லை.

விலை கூடிய புரோக்ரஸிவ் வேண்டுமா? விலை கூடக் கூட நடுப்பாதை ஓரளவு அகலமாகும், பக்கவாட்டு நெளிவு குறையும். அது உண்மை. ஆனால் அந்தப் பாதை கருவிழிக்குக் கீழேதான் இருக்கும் என்பது எந்த விலையிலும் மாறாது. தூரப் பவரும் மேலே இருந்துதான் தீரும். உங்கள் புகார் தூரத்தைப் பற்றியதே அல்ல; பதினோரு மணி நேரம் ஒரே நாற்காலியில் இருப்பவருக்கு லென்ஸின் மேல் பாதி கடைக்குள் வீண். அந்தப் பணத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குக்குள் கல்லாவுக்கென்று தனியாக ஒரு சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். இதுவே என் பரிந்துரை.

அதன் கணக்கு எளிது. தூரப் பவரோடு திரைக்கான +1.00-ஐக் கூட்ட வேண்டும். சிலிண்டரையும் ஆக்ஸிஸையும் தொடக் கூடாது. வலது −0.50, சிலிண்டர் −0.75, ஆக்ஸிஸ் 90. இடது −0.25, சிலிண்டர் −0.50, ஆக்ஸிஸ் 90. இதில் திரை முழுவதும், மூலைக்கு மூலை, தலை அசையாமல் தெரியும். தெளிவு ஒரு மீட்டர் வரை முழுமையாக இருக்கும். எதிரே நிற்பவர் முகத்திலும் ஒன்றும் குறையாது. வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வருபவர் மூன்று மீட்டரில் சற்று மங்கலாகத் தெரிவார். அவர் நடந்து மேசைக்கு வருவதற்குள் தெளிந்துவிடுவார், ஆகவே இது பெரிய இழப்பில்லை. ஆனால் இந்தக் கண்ணாடியோடு வண்டி எடுக்கவே கூடாது. இரவில் தேவகோட்டைச் சாலையில் எதிரே வரும் லாரியின் தூரத்தை இது சரியாகக் காட்டாது. கடையை விட்டு இறங்கும்போது கல்லாக் கண்ணாடி மேசை டிராயரில், புரோக்ரஸிவ் முகத்தில். இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் பிரேம் எடுத்தால் அவசரத்தில் மாறாது.

பேரேடுதான் மீதி. 40 சென்டிமீட்டரில் இருந்தால், இந்தக் கண்ணாடி ஒரு டயாப்டர் கொடுக்க, மீதி ஒன்றரையை உங்கள் கண் கொடுக்க வேண்டும். இரண்டரையில் ஒன்றரை என்பது கையிருப்பில் பாதிக்கு மேல், மாலைக்குள் அலுத்துவிடும். பேரேட்டைப் படுக்க வைக்காமல் சாய்த்து வைத்து, 50 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் கண் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு டயாப்டர். தாங்கும். சாய்வு 20, 25 டிகிரி இருந்தால் போதும், குனியவும் வேண்டாம். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் சாய்வான மூடி போட்ட பெட்டியை முன்னால் வைத்து எழுதியது சும்மா இல்லை. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் அவற்றை இன்று அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். ஒன்று கிடைத்தால் கல்லாவில் வேலைக்கே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பலகைக்கு அடியில் கட்டை கொடுத்தாலே போதும்.

பேரேட்டைத் தள்ள இடமே இல்லை, அல்லது இன்னும் மூன்று நான்கு வருடத்தில் இந்தக் கண்ணாடியில் பேரேடு மங்க ஆரம்பிக்கிறது என்றால் அப்போது ஆபீஸ் லென்ஸ் என்று கேளுங்கள். அதில் கீழே முழுக் கிட்டப் பவர் இருக்கும். மேலே போகப் போகக் குறைந்து, ஒன்றிரண்டு மீட்டருக்கான பவரோடு நின்றுவிடும். தூரப் பவருக்கு இடம் ஒதுக்காததால் நடுப்பகுதி புரோக்ரஸிவைவிட வெகு அகலம். இதையும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. பைஃபோக்கல் உங்களுக்கு வேண்டாம்: மேலே தூரம், கீழே 40 சென்டிமீட்டர், நடுவில் இருக்கிற திரைக்கு இரண்டிலும் இடமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் சோதனைப் பிரேமில் அந்தப் பவர்களைப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். அவர்கள் அட்டையை 40-இல் நீட்டுவார்கள். வாங்கி மேசையில் நிறுத்தி, டேப் வைத்து 65-இல் படியுங்கள். பத்து நிமிடமாவது உட்காருங்கள். +1.00-க்குப் பதில் +1.25 போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியலாம்; மயங்காதீர்கள், தெளிவின் எல்லை 80 சென்டிமீட்டருக்குச் சுருங்கி எதிரே இருப்பவர் முகம் கலங்கும். இரு கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் திரைக்குத் தக்கபடி எடுக்க வேண்டும். தூரத்துக்கு 64 மில்லிமீட்டர் என்றால் திரைக்கு 62 அளவு வரும். உங்கள் பவர் சிறியது, அதனால் ஒற்றைப் பவர் கண்ணாடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் தெரியாது. புரோக்ரஸிவில் அதே பிசகு நேரே குறுகிய பாதையை விட்டுத் தள்ளிவிடும். சின்னப் பவர்தானே என்று கடைக்காரர் அளவை மேம்போக்காக எடுப்பது அதனால்தான் புரோக்ரஸிவில் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அதனால் இப்போதுள்ள புரோக்ரஸிவையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். லென்ஸில் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் இரண்டு பக்கத்திலும் மெல்லிய செதுக்குக் குறிகள் தெரியும். அவற்றுக்கிடையே 34 மில்லிமீட்டர் இருக்கும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே ஆட் எழுதியிருக்கும். உங்களுக்கு 17 என்றோ 1.75 என்றோ இருக்க வேண்டும். இந்தக் குறிகளை வைத்து லென்ஸ் மேல் மையச் சிலுவையைத் திரும்ப வரையக் கடையில் அச்சுத்தாள் வைத்திருப்பார்கள். வரைந்து, முகத்தில் மாட்டி, நேரே பார்க்கச் சொல்லிப் பார்த்தால் சிலுவை கருவிழியின் நடுவில் விழ வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கீழே விழுந்தால் திரைக்கு மட்டுமல்ல, பேரேட்டுக்கும் தாடையைத் தூக்க வேண்டிவரும்.

சில சமயம் லென்ஸில் தவறே இருக்காது, பிரேம்தான் வழுக்கியிருக்கும். நம் ஊர் வெயிலில், வியர்வையில், மூக்குத் தாங்கி இல்லாத பிளாஸ்டிக் பிரேம் மத்தியானத்துக்குள் மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிடும். லென்ஸின் எல்லாப் பகுதியும் கூடவே இறங்கிவிடும். மத்தியானத்துக்கு மேல் வலி கூடுகிறது என்று எழுதியிருப்பதால் இதையும் சந்தேகப்படுகிறேன். காலையிலும் மாலையிலும் கண்ணாடி போட்டபடி நேரே ஒரு படம் எடுத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். மூக்கில் சிலிக்கான் தாங்கி உள்ள உலோகப் பிரேமாக இருந்தால் தாங்கிகளை நெருக்கினாலே பிரேம் ஏறிக்கொள்ளும். காதுக் கம்பியின் வளைவையும் காதோடு பொருந்தும்படி சரிசெய்யலாம். இதற்கு வாங்கிய கடையில் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். புதுப் பிரேம் எடுக்கும்போது கம்பியின் உட்புறம் 52-18-140 என்பதுபோல அச்சடித்திருப்பதைப் பாருங்கள். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம் என்று வரிசை. இப்போது போடுவது வழுக்கவில்லை என்றால் அதே அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

புளூ கட் உங்களுக்கு வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 சோதனைகளை அலசிப் பார்த்தது. சாதாரண லென்ஸைவிடப் புளூ கட் கம்ப்யூட்டர் அலுப்பைக் குறைப்பதாகக் குறுகிய காலத்தில் எந்தப் பலனும் தென்படவில்லை. மற்றவர்களுக்கு அது வீண் செலவு. உங்களுக்கு அதற்கு மேலும் ஒரு தொந்தரவு: பல புளூ கட் லென்ஸ்கள் லேசான மஞ்சள் சாயல் கொண்டவை. தங்கத்தின் நிறத்தையும் கல்லின் வெண்மையையும் கண்ணால் எடைபோடுகிறவர் மஞ்சள் வடிகட்டி வழியாகப் பார்ப்பானேன்?

அந்தக் காசை ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்குக்குக் கொடுங்கள். பூச்சு இல்லாத லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் விழும் வெளிச்சத்தில் 4 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்பும் சேர்ந்து 8. நல்ல பூச்சில் இது ஒன்றுக்கும் கீழே போய்விடும். தலைக்கு மேல் வரிசையாக எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு, கீழே கண்ணாடி மேசை, தட்டு நிறைய மினுங்கும் நகை என்று இருக்கிற கடையில் இந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும். லென்ஸ் சாதாரண சி.ஆர்.-39 பிளாஸ்டிக் போதும், மெலிதான ஹை இண்டெக்ஸ் உங்கள் பவருக்குத் தேவையில்லை. பூச்சு போட்டதை வேட்டி நுனியில் உலர்ந்தபடி துடைத்தால் தூசியே கீறிவிடும். முதலில் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு வைத்துக் கழுவி, பிறகு துடையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் கண்ணாடியை வைக்காதீர்கள். சூட்டில் லென்ஸ் விரிகிற அளவுக்குப் பூச்சு விரியாது, மெல்லிய வெடிப்புகள் விட்டுவிடும்.

முத்திரை பார்ப்பதற்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. 10 எக்ஸ் லென்ஸ் என்பதே 40 டயாப்டர் பவர். அதன் முன் உங்கள் முக்கால் சிலிண்டர் பொருட்டல்ல. கல்லாக் கண்ணாடியோடும் பார்க்கலாம், கழற்றியும் பார்க்கலாம். லென்ஸைக் கண்ணை ஒட்டிப் பிடித்து, நகையை அதற்கு இரண்டரை சென்டிமீட்டர் அருகில் கொண்டுவாருங்கள். லென்ஸைக் கைநீட்டிப் பிடித்து எட்ட இருந்து பார்த்தால் தெரிகிற பரப்பு சுருங்கிவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் விற்கிற நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி அடையாள எண்) கட்டாயம், லேசரில் பொறித்த அந்த எழுத்து, வெளிச்சம் நேரே விழுந்தால் மினுங்கி மறைந்துவிடும். நகையைச் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

தலைவலிக்குக் கண்ணாடி மட்டும் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் காய்ந்து மங்கும், இமைத்தால் தெளியும். இமைத்ததும் தெளிகிற மங்கலுக்குப் பவர் மாற்றிப் பயனில்லை. ஏ.சி. மடலைத் திருப்பிவிடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி ஆறு மீட்டருக்கு அப்பால் பாருங்கள். தெரு வாசலைப் பார்த்தால் போதும், ஆனால் அதற்குக் கல்லாக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை, மங்கலாகத் தெரிந்தாலும் தசை ஓய்வெடுக்கும்.

கடைசியாகச் சர்க்கரை பார்த்தது எப்போது? சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் கூடவே ஏறி இறங்கும். கட்டுக்குள் இல்லாத நேரத்தில் எடுத்த பவரில் செய்த கண்ணாடி, மருந்து பிடித்ததும் பொருந்தாமல் போய்விடும். அளவு கூடியிருந்தால் அது சில வாரம் நிலையாக இருக்கட்டும், பிறகு பவர் பாருங்கள். வயது நாற்பதைத் தாண்டியதால் கண் அழுத்தமும் விழித்திரையும் கண் மருத்துவரிடம் பார்க்க வேண்டும். அது கண்ணாடிக் கடையில் ஆகிற வேலை இல்லை. கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் மங்கும். அன்றைக்கு டூவீலரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய் வாருங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்தில் திரை இறங்கியதுபோல மறைவது, விளக்கைச் சுற்றி வளையத்தோடு கண் வலி: இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். புரை எடுத்து வைக்கிற செயற்கை லென்ஸ் வளைந்து கொடுக்காது. பெரும்பாலும் அதைத் தூரப் பார்வைக்கே வைப்பார்கள். அந்தக் கண்ணுக்கு +2.50 போட்டால் 40 சென்டிமீட்டரில் மட்டும் தெளிவு. கொஞ்சம் முன்னே வந்தாலும் மங்கும். ஓலை பின்னுவதற்கு 40 போதும். மணி கோக்கவும் விளிம்பில் துணி வைத்துத் தைக்கவும் கையைத் தானாகவே 33 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள், அதற்கு +3.00 வேண்டும். அவர்கள் மணி கோக்கும்போது தூரத்தை அளந்து, 100-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். விடையே ஏறக்குறைய அந்தக் கண்ணின் வேலைப் பவர், ஆபரேஷனுக்குப் பின் தூரப் பவர் எதுவும் மிஞ்சாமல் இருந்தால். முற்றத்து வெயிலுக்கு எதிரே உட்கார வேண்டாம். வளவுத் தூண் நிழலில், வெளிச்சம் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வருகிறமாதிரி உட்காரச் சொல்லுங்கள், வலது கையால் கோப்பவர்களாக இருந்தால். ஓலைக்கும் மணிக்கும் அடியில் எதிர் நிறத்தில் ஒரு துணியை மடியில் விரித்துக்கொண்டால் கண்ணுக்கு வேலை குறையும்.

ஆனால் +3.00 ரெடிமேட் வாங்கிக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. ஆபரேஷன் ஆன வலது கண்ணும் ஆகாத இடது கண்ணும் ஒரே பவரில் இருப்பது அபூர்வம். இடது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தால் பல சமயம் அதன் பவர் மைனஸ் பக்கம் நகர்ந்துகொண்டேயிருக்கும். அப்படியானால் எந்தக் கண்ணாடியும் நெடுநாள் பொருந்தாது. இன்றைக்கு அவர்கள் கண்ணாடியைப் போட்டபடி ஒவ்வொரு கண்ணாகக் கையால் மூடி மணியைப் பார்க்கச் சொல்லுங்கள். வலது கண்ணில் தெரிந்து இடதில் தெரியாவிட்டால் முதலில் வேண்டியது கண்ணாடி இல்லை, இடது கண்ணுக்குப் புரை பரிசோதனை. இரண்டிலும் ஒரே அளவு மங்கல், கையைச் சற்றுத் தள்ளினால் இரண்டிலும் தெளிகிறது என்றால் பவர் மாற்றினால் போதும். அப்போதும் ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த சீட்டைக் கையோடு கொண்டுபோய், வலது கண்ணில் தூரத்துக்கு மிஞ்சியிருக்கும் பவரைப் பார்த்து, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக 33 சென்டிமீட்டருக்கு எழுதி வாங்குங்கள்.